கூம்புக் கூரைக்கு எவ்வளவு தகடு வேணும்? என் கணக்கில் 85 சதுர அடி, பட்டறையில் 400 சொல்றாங்க

வட்டக்குடில்:

வணக்கம். தோட்டத்தில் வட்டமா ஒரு குடில் எழும்பிட்டிருக்கு. சுவரின் வெளி விட்டம் 12 அடி. சுவர் தலையிலிருந்து முகடு நாலரை அடி உயரம். இறவாரம் சுவரைத் தாண்டி 2 அடி வெளியே நிக்கணும் (கிடைமட்டமா அளந்தால் 2 அடி). 8 கைமரம் ஏத்தியாச்சு, குறுக்கு வளையம் இன்னும் போடல.

ஆரம் 6, உயரம் 4.5. பை × 6 × 4.5 போட்டா 84.8 வருது, அதனால 85 சதுர அடின்னு எடுத்துக்கிட்டேன். பட்டறையில் 10க்கு 4 அடி சாதா ஜி.ஐ. ஷீட் (நெளி இல்லாத, துத்தநாகம் பூசின இரும்புத் தகடு) பத்து எடுக்கச் சொல்றாங்க. அது 400 சதுர அடி. அஞ்சு மடங்கு வித்தியாசம் எப்படி வரும்? பெயின்ட்டுக்கும் எத்தனை சதுர அடின்னு தெரியணும். தகடு கட்டுப்படி ஆகலன்னா கீற்றே வேயலாம்னு ஒரு யோசனை இருக்கு, அதுக்கும் கணக்கு சொன்னா உதவியா இருக்கும்.

சாயுயரம்:

உங்கள் கணக்கில் இரண்டு தவறுகள். முதலாவது, செங்குத்து உயரத்தைப் போட்டுவிட்டீர்கள். கூம்பின் வளைபரப்புக்குத் தேவை சாயுயரம், அதாவது முகட்டிலிருந்து சரிவு வழியாகவே இறங்கி விளிம்புவரை வரும் நீளம். வளைபரப்பு = பை × ஆரம் × சாயுயரம். இரண்டாவது, கூரையின் ஆரம் சுவரின் ஆரம் அல்ல. இறவாரம் 2 அடி நீள்வதால் கூரையின் ஆரம் 8 அடி.

இறவாரம் வெளியே நீளும்போது அதே சரிவில் கீழேயும் இறங்குகிறது. 6 அடிக்கு 4.5 அடி சரிவு என்றால் 8 அடிக்கு 6 அடி. ஆகவே முகட்டிலிருந்து இறவார விளிம்புவரை செங்குத்தாக 6 அடி. சாயுயரம் = (8 × 8 + 6 × 6) இன் வர்க்கமூலம் = 100 இன் வர்க்கமூலம் = 10 அடி. வளைபரப்பு = 3.1416 × 8 × 10 = 251.3 சதுர அடி. கைமரங்கள் ஏறிவிட்டதால் இந்தக் கணக்கும் வேண்டியதில்லை. முகட்டில் நாடாவைப் பிடித்துக் கைமரத்தின் முதுகோடு விளிம்புவரை இழுங்கள், 10 அடி காட்டும். கட்டிய கூம்பில் சாயுயரத்தை எப்போதும் நேரடியாக அளந்துவிட முடியும். உயரத்தை அளப்பதுதான் கடினம்.

பைக்கு 22/7 போடுவதா 3.1416 போடுவதா என்று கவலைப்பட வேண்டாம், இங்கே வித்தியாசம் 0.1 சதுர அடி. நாடா 3 அங்குலம் தவறினால் 6 சதுர அடிக்கு மேல் மாறிவிடும். கவனம் அங்கே இருக்கட்டும்.

பாடப்புத்தகத்தில் மொத்தப் புறப்பரப்பு என்று அடிவட்டத்தையும் சேர்ப்பார்கள். கூரைக்கு அடி திறந்தே இருப்பதால் அதைச் சேர்க்கக் கூடாது. பெயின்ட்டுக்கு வெளிப்பக்கம் 251, உள்பக்கமும் அடிப்பதாக இருந்தால் இன்னொரு 251.

கீற்றுக் கணக்கில் இந்தச் சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். இறவாரத்திலிருந்து மேல்நோக்கி அரை அடிக்கு ஒரு வரிசை என்றால் 10 அடிச் சரிவில் 20 வரிசை. அடி வரிசையின் சுற்று 2 × பை × 8 = 50.3 அடி. மேலே போகப் போக ஒவ்வொரு வரிசைக்கும் 2.5 அடி குறைந்து முகட்டில் ஒன்றுமில்லாமல் போகும். சராசரிச் சுற்று, அடிச்சுற்றில் பாதி. பாதிச் சுற்று × சரிவு, அதாவது பை × ஆரம் × சாயுயரம். சூத்திரம் முழுவதும் இவ்வளவுதான்.

20 வரிசையின் கீழ் விளிம்புகளையும் கூட்டினால் 528 அடி. பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதுபோக ஒரு கீற்று 4 அடி மூடும் என்றால் 132 கீற்று. முகட்டுக்கு அருகே முழுக் கீற்று உட்காராது, மடங்கும், நறுக்க வேண்டிவரும். 145 வாங்குங்கள். உங்கள் ஊர்க் கீற்றின் நீளத்தை அளந்து அந்த 4 ஐ மாற்றிக்கொள்ளுங்கள்.

தகரவேலை:

சார் சொன்ன 251 சரி. ஆனா 251 சதுர அடி தகடு வாங்கினா கூரை மூடாது. பட்டறையில் சொன்ன 10 ஷீட் ஏமாத்து இல்ல, அது வெட்டுக் கணக்கு.

கூம்பை விரிச்சா வட்டத்தில் ஒரு துண்டு போன உருவம் வரும். உங்க கூரைக்கு 10 அடி ஆரமுள்ள வட்டத்தில் 288 டிகிரி (360 × 8 ÷ 10). 20 அடி அகலத்தில் ஷீட் கிடையாது. அதனால நீட்டு முக்கோணத் துண்டுகளாத்தான் வெட்டணும். எத்தனை துண்டுங்கிறதுலதான் காசு இருக்கு.

24 துண்டா பிரிச்சா ஒவ்வொன்னுக்கும் அடியில் 25.1 அங்குலம், பக்கத்துத் துண்டு மேல ஏத்த 2 அங்குலம் சேர்த்து 27.1. ஒன்னை நேரா, ஒன்னைத் தலைகீழா அடுக்கினா 4 அடி அகலத்தில் ரெண்டுதான் வரும் (41.7 அங்குலம்). மூணாவது உட்காராது. 12 ஷீட் ஆகும்.

30 துண்டா பிரிச்சா அடியில் 20.1, ஏத்தம் சேர்த்து 22.1 அங்குலம், நுனியில் 2 அங்குலம். நேர், தலைகீழ், நேர்னு மூணு அடுக்கினா 46.2 அங்குலம், 48க்குள்ள அடங்கும். 10 ஷீட்டில் 30 துண்டு. பட்டறையில் இந்தக் கணக்குதான் போட்டிருப்பாங்க.

400 எங்க போச்சுன்னா: கூரைப் பரப்பு 251, ஏத்தம் 30 இடத்தில் 10 அடிக்கு 2 அங்குலம், அது 50. ஆக 301 கூரையில் இருக்கு. பாக்கி 99 சதுர அடி ஓரத்தில் விழுற கூர்முக்கோணம். தகடு எடைக்கு வாங்குறதால இதைக் கிலோவில் பாருங்க. 0.5 எம்.எம். ஜி.ஐ. ஒரு சதுர மீட்டர் சுமார் 4 கிலோ, ஒரு 10க்கு 4 ஷீட் 15 கிலோவுக்குக் கிட்ட. பத்து ஷீட் 150 கிலோ, அதில் 35 கிலோவுக்கு மேல ஸ்கிராப். அந்த ஸ்கிராப்பை நீங்களே வாங்கிக்குங்க, ஓரம் கட்ட, பட்டி போட உதவும்.

30 துண்டில் இணைப்பு 30, 24இல் 24. இணைப்பு கூடினா ஒழுகுற இடமும் கூடும். ஆனா ரெண்டு ஷீட் மிச்சம், துண்டு குறுகலா இருந்தா வளையத்தில் நல்லா படிஞ்சும் உட்காரும். 30 போடுங்க. ஏத்தம் எல்லாம் உங்க ஊரில் மழைக்காத்து அடிக்கிற பக்கத்துக்கு முதுகு காட்டி இருக்கணும், அதனால காத்து வராத பக்கத்தில் ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் காத்து வர்ற பக்கம் நோக்கி ஏத்திக்கிட்டே வாங்க. எதிர்த்து வெச்சா காத்து தண்ணியை உள்ள தள்ளும்.

பெயின்ட்டுக்கு ஒன்னு: புது ஜி.ஐ. மேல நேரா எனாமல் அடிக்காதீங்க. துத்தநாகமும் எனாமலில் இருக்குற எண்ணெயும் சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலம் ஆகி, கொஞ்ச மாசத்தில் தோல் தோலா உரியும். எட்ச் பிரைமர் (தகட்டை லேசா அரிச்சுப் பிடிச்சுக்கிற அடிப்பூச்சு) ஒரு கோட் முதல்ல.

கைமரம்:

8 கைமரம் என்று எழுதியிருப்பதை யாரும் கவனிக்கவில்லை போல. குறுக்கு வளையம் வட்டமாக வளைத்த பைப்பா, கைமரத்துக்குக் கைமரம் நேர்ச்சட்டமா? நேர்ச்சட்டம் வைத்தால் அது கூம்பு அல்ல, எட்டுப்பட்டைக் கூர்ங்கூரை. கணக்கு மாறும்.

கைமர நுனிக்கு நுனி 6.12 அடி. ஒவ்வொரு பட்டையின் நடுவில் சரிவு 9.52 அடி. எட்டுப் பட்டைக்கும் சேர்த்து 233 சதுர அடி. பரப்பு 18 சதுர அடி குறைந்தது லாபம் போலத் தெரியும். ஆனால் கைமரங்களுக்கு நடுவே இறவாரம் மையத்திலிருந்து 8 அடிக்குப் பதில் 7.39 அடியில் நிற்கும். 2 அடி இறவாரம் அங்கே ஒன்றேகால் அடிக்குச் சற்று மேல்தான். மண்சுவர் என்றால் அந்த எட்டு இடத்திலும் சாரல் சுவரில் அடிக்கும். 16 கைமரம் ஆக்கினால் பரப்பு 247, இறவாரக் குறைவு 2 அங்குலத்துக்குள் வந்துவிடும்.

நேர்ச்சட்டத்துக்கு ஒரு வசதியும் உண்டு. பட்டை தட்டையாக இருப்பதால் நெளி ஷீட் போடலாம். வட்ட வளையத்தின் மேல் நெளி ஷீட் கூம்பாக உட்காராது, ஏனென்றால் நெளிவுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும், கூம்பின் கோடுகளோ முகட்டில் கூட வேண்டும். சாதாத் தகடு மட்டும்தான் கூம்பாக வளையும். தகடா, வளையமா என்பதை முடிவுசெய்துவிட்டு ஷீட் வாங்குங்கள், வாங்கிவிட்டு முடிவுசெய்யாதீர்கள்.

வட்டக்குடில்:

ரொம்ப நன்றி. மூணு பேருக்கும். மண்சுவர்தான். அதனால வளைத்த பைப், சரிவில் இரண்டரை அடிக்கு ஒன்னா நாலு வளையம், சாதா ஷீட் 30 துண்டுன்னு முடிவு. நாடா வெச்சுப் பார்த்தேன், 10 அடிக்கு ஒரு விரல் குறைவு.

களத்துமேடு:

இதே மாதிரி ஒரு சந்தேகம். களத்தில் நெல் அம்பாரம் கூம்பா குவிச்சிருக்கு. அடிச்சுற்று 44 அடி, சரிவு 8 அடி. மேலே சொன்னபடி பாதிச் சுற்று × சரிவு, 22 × 8 = 176 சதுர அடி. 12க்கு 15 தார்ப்பாய் 180 சதுர அடி. அது போதும்தானே?

சாயுயரம்:

போதாது. பரப்பு சரியாகப் போட்டிருக்கிறீர்கள், சுற்றையும் சரிவையும் மட்டும் அளந்து பை இல்லாமல் முடித்தது நல்ல வழி. ஆனால் இந்த இடத்தில் பரப்பு உதவாது.

தார்ப்பாயின் நடு முகட்டில் உட்காரும். அங்கிருந்து எந்தத் திசையில் இறங்கினாலும் 8 அடி தார்ப்பாய் இருக்க வேண்டும். 12 அடிப் பக்கத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு 6 அடிதான். இரு பக்கமும் அடியில் சரிவோடு 2 அடிக்கு நெல் திறந்து கிடக்கும், மழையில் முதலில் நனைவதும் அடிநெல்தான். குறைந்த பக்கம் 2 × சாயுயரம், அதாவது 16 அடி. ஓரத்தில் கல் வைக்கவும் தண்ணீர் உள்ளே ஊறாமல் இருக்கவும் பக்கத்துக்கு ஓர் அடி சேர்த்தால் 18க்கு 18. பரப்பு 324 சதுர அடி, கூம்பின் பரப்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மிச்சத் தார்ப்பாய் மடிப்பாக விழும். அடிச்சுற்று 44 அடி என்றால் அம்பாரத்தின் ஆரம் 7 அடி. 8 அடி ஆரமுள்ள தட்டை வட்டத்தில் கூம்புக்குத் தேவை 360 × 7 ÷ 8 = 315 டிகிரி. மீதி 45 டிகிரி எங்காவது மடிந்தே ஆக வேண்டும். தானாக விட்டால் நாலைந்து இடத்தில் வாய் திறந்த மடிப்பாக நிற்கும், தண்ணீர் அதில் தேங்கி நெல்லுக்கு இறங்கும். எல்லாவற்றையும் இழுத்து ஒரே இடத்தில், காற்று வராத பக்கமாக, ஒரே பெரிய மடிப்பாகப் படுக்கவைத்து அதன்மேல் கயிறு போடுங்கள்.

மாவுமில்:

தகரவேலை அண்ணாவுக்கு ஒரு கேள்வி. மாவு மில்லுக்கு ஹாப்பர் (தானியம் கொட்டுற புனல்). மேல் வாய் 60 செ.மீ. விட்டம், கீழ் வாய் 15 செ.மீ., நட்ட உயரம் 30 செ.மீ. நுனி இல்லாத கூம்பை எப்படி மார்க் பண்றது? போன தடவை அடிச்சது மேல் வாய் வட்டமா வராம, இணைப்புக்கிட்ட மூக்கு மாதிரி எழும்பிடுச்சு.

தகரவேலை:

மூக்கு எழும்பினதுக்குக் காரணம் விளிம்பை நேர்கோடா வெட்டியிருப்பீங்க. கூம்பை விரிச்சா விளிம்பு எப்பவும் வில்தான். நேரா வெட்டினா விளிம்பின் நடுவைவிட ரெண்டு முனையும் கூம்பு நுனியிலிருந்து தூரத்தில் இருக்கும், சுருட்டும்போது அந்த முனைகள் சேர்ற இடம் மேல தூக்கிக்கும்.

ஆரம் 30, 7.5. வித்தியாசம் 22.5. உயரம் 30. சாயுயரம் = (22.5 × 22.5 + 30 × 30) வர்க்கமூலம் = 37.5. தகட்டுப் பரப்பு பை × (30 + 7.5) × 37.5 = 4418 சதுர செ.மீ., அரை சதுர மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு.

மார்க்கிங்குக்கு இல்லாத நுனியை இருக்குறதா நினைச்சுக்கணும். முழுக் கூம்பின் சாயுயரம் 37.5 × 30 ÷ 22.5 = 50. அதில் வெட்டிப்போற நுனி 12.5. தகட்டில் ஒரு ஆணிப்புள்ளி குத்தி, 50 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம், அதே புள்ளியில் 12.5இல் ஒரு வட்டம். கோணம் 360 × 30 ÷ 50 = 216 டிகிரி. இவ்வளவு பெரிய வட்டத்தில் பாகைமானி வெச்சா அரை டிகிரி நழுவினாலே விளிம்பில் நாலு எம்.எம். போயிடும். அதனால கோணம் அளக்காதீங்க. பெரிய வட்டத்தில் ஒரு புள்ளியிலிருந்து நேரா 95.1 செ.மீ. தள்ளி இன்னொரு புள்ளி வெச்சு, ரெண்டையும் ஆணிப்புள்ளியோட சேர்த்துக் கோடு போடுங்க. சின்னப் பக்கம் (144 டிகிரி) கழிவு, பெரிய பக்கம் ஹாப்பர். சரிபார்க்க, வெளி வில் மேல ஒரு மெல்லிய கம்பியை வளைச்சு வெச்சு நிமிர்த்தினா 188.5 செ.மீ. காட்டணும். அது மேல் வாயின் சுற்று.

இந்த உருவத்துக்கு 100க்கு 66 செ.மீ. செவ்வகம் வேணும், இணைப்பும் கம்பி மடிப்பும் சேர்க்க ரெண்டு பக்கமும் 3 செ.மீ. கூட வைங்க. 4 அடி ஷீட்டில் அகலவாக்கில் அடங்கும்.

இணைப்பு மடிப்பு 6 எம்.எம். அகலம்னா அதுக்கு மொத்தம் மூணு மடங்கு, 18 எம்.எம். ரெண்டு ஓரத்திலும் 9, 9. ஒரு ஓரத்தில் 6, மறு ஓரத்தில் 12ன்னு பிரிச்சுக் கொடுத்தா இணைப்பு மையத்தைவிட்டு நகரும், கீழ் வாய் சின்னதா இருக்கறதால அங்கே வாய் கோணலாத் தெரியும். மேல் வாயில் 4 எம்.எம். கம்பி சுத்தினா வெளி வில்லில் இரண்டரை மடங்கு, 10 எம்.எம். சேர்த்து வெட்டுங்க. இதெல்லாம் கோடு போட்டதுக்கு வெளியே. கோட்டுக்கு உள்ள எடுத்தா ஹாப்பர் சின்னதாயிடும்.

3 எம்.எம். தகட்டில் அடிக்கிறதா இருந்தா மட்டும் விட்டத்தைத் தகட்டின் நடுக்கோட்டுக்கு எடுங்க. வெளி விட்டத்தைப் போட்டா சுற்று ஒரு செ.மீ.க்குக் கிட்ட கூடிப்போகும், கீழ் வாய் குழாய்க்குள்ள இறங்காது. 0.5, 0.8 தகட்டுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

வட்டக்குடில்:

ஒரு சின்ன விஷயம் பாக்கி. 30 துண்டும் முகட்டில் கூடுற இடத்தை மூட ஒரு தொப்பி வேணும்தானே. அது அந்த 99 சதுர அடி மிச்சத்தில் வந்திடுமா?

தகரவேலை:

வராது. மிச்சம் விழுறது எல்லாம் 10 அங்குல அகலத்தில் ஆரம்பிச்சு ஒன்னுமில்லாம போற ஊசிமுக்கோணம். தொப்பிக்கு 3க்கு 3 அடி தனியா ஒரு துண்டு வாங்குங்க.

முகட்டிலிருந்து சரிவில் ஓர் அடி இறங்கின இடத்தைப் பாருங்க: அங்க கூரைச் சுற்று 60 அங்குலம், 30 ஏத்தம் ரெண்டு ரெண்டு அங்குலமா அதுவும் 60. அந்த இடத்திலேயே எல்லாப் பக்கமும் ரெண்டு தகடு, அதுக்கு மேல போனா மூணு, நாலுன்னு குவிஞ்சு ஸ்க்ரூ இறங்காது. அதனால துண்டுகளை முழு 10 அடிக்கு மார்க் பண்ணி வெட்டி, அப்புறம் நுனியை ஓர் அடி நறுக்கிடுங்க. முதலிலேயே 9 அடியா மார்க் பண்ணினா மூணு துண்டு 48 அங்குலத்தில் அடங்காது, கால் அங்குலம் வெளிய போகும்.

தொப்பிக்கு 18 அங்குல ஆரத்தில் வட்டம். கூரையின் அதே சரிவு வரணும்னா அதே 288 டிகிரி, கழிக்க வேண்டியது 72. வட்டத்தில் நேரா 21.2 அங்குலம் தள்ளி ரெண்டு புள்ளி, மையத்தோட கோடு. ஒரு கோட்டை அடுத்து ஓர் அங்குலம் ஏத்தம் விட்டு மீதியை வெட்டுங்க. ஏத்தத்துக்கு ரிவிட் மூணு, உள்ள சிலிக்கான். 12 அங்குலத் திறப்பை மூடி, கீழே 6 அங்குலம் துண்டுகள் மேல ஏறி உட்காரும். ஸ்க்ரூவை அந்த 6 அங்குலத்தின் நடுவில் அடிங்க, ரப்பர் வாஷரோட.